சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்கல்: தகராறு எழுப்ப எவ்வளவு காலம் இருக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக ஆபரேட்டர். 2024 ஆகஸ்டில் சங்கம் தொடங்கினார்கள். செப்டம்பரில் இவரையும் இன்னும் மூன்று பேரையும் வெளிமாநில ஆலைக்கு மாற்றி உத்தரவு வந்தது. மாறிப் போக மறுத்த ஒருவரை, உள்விசாரணை நடத்தி 2025 ஜனவரியில் டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். 12(3) ஒப்பந்தப்படி (தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் நிர்வாகமும் தொழிலாளர் தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம்) வரவேண்டிய ஊதிய உயர்வு இவர்களுக்கு மட்டும் வரவில்லை. நான்கைந்து வருடமாக 'டெம்பரரி' என்ற பெயரிலேயே வேலை பார்க்கும் இளைஞர்களும் அங்கே இருக்கிறார்கள். கேஸ் போடலாமா என்று பேச்செடுத்தால் ஹெச்.ஆர். அதிகாரி, "லிமிடேஷன் முடிஞ்சு போச்சு, 90 நாளுக்குள்ள வந்திருக்கணும்" என்கிறாராம். உண்மையா என்று கேட்கிறார்.

உண்மை இல்லை. ஆனால் "நிறைய நேரம் இருக்கிறது" என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த விஷயத்தில் சட்டம் 2025 நவம்பரில் மாறிவிட்டது. அதற்கு முன்பு தொழிலாளிக்கு இருந்த கால அவகாசம் இப்போது இல்லை.

முதலில் அந்த 90 நாள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மகாராஷ்டிரத்தில் 1971-ல் ஒரு தனிச் சட்டம் இயற்றினார்கள். தொழிற்சங்க அங்கீகாரத்துக்கும், நேர்மையற்ற தொழில் நடவடிக்கைகளைத் தடுப்பதற்கும் ஆன சட்டம் அது. அதன் 28-ஆவது பிரிவுப்படி, நேர்மையற்ற நடவடிக்கை நடந்த 90 நாளுக்குள் தொழிலாளியே நேரடியாக நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் 90 நாள் கடந்த புகாரையும் நீதிமன்றம் ஏற்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. புனே, மும்பையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனிகளின் ஹெச்.ஆர். ஆட்களுக்கு இந்த 90 நாள் மனப்பாடம். அந்தச் சட்டம் மகாராஷ்டிரத்துக்கு மட்டுமே. ஒரகடத்தில் நடந்த பழிவாங்கலுக்கு அதை அளவுகோலாக்க முடியாது. புதிய மத்தியச் சட்டத்திலும் ஒரு 90 நாள் வருகிறது. ஆனால் அது வேறு கட்டத்தில் வருவது. அதைப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் அந்த 90 நாள்தான் உண்மையில் ஆபத்தானது.

பழைய சட்டம், அதாவது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், இந்தக் கேள்வியை வேறு மாதிரி பார்த்தது. சங்கத்தில் சேர்ந்தவரைப் பழிவாங்க வேலைநீக்கம் செய்வது, நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் கெட்ட நோக்கத்துடன் இடம் மாற்றுவது, தொழிலாளரை வருடக்கணக்கில் பதிலி, தற்காலிகம் என்றே வைத்திருந்து நிரந்தரத் தொழிலாளிக்குரிய உரிமைகளை மறுப்பது, ஒப்பந்தத்தை நிறைவேற்றாமல் இருப்பது எல்லாம் அதன் ஐந்தாவது அட்டவணையில் நேர்மையற்ற தொழில் நடவடிக்கைகளாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. 1982-ல் திருத்தம் செய்து 1984-ல் நடைமுறைக்கு வந்த அட்டவணை அது. ஆனால் இவற்றுக்காகத் தகராறு எழுப்ப எந்தக் காலவரம்பும் சட்டத்தில் எழுதப்படவில்லை. அரசு "எந்த நேரத்திலும்" தகராறைத் தீர்ப்புக்கு அனுப்பலாம் என்றுதான் 10-ஆவது பிரிவு சொன்னது. சிவில் வழக்குகளுக்கான காலவரம்புச் சட்டம் இங்கே பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

வேலைநீக்கத்துக்கு மட்டும் 2010-ல் ஒரு வரம்பு வந்தது. 2ஏ பிரிவில் புதிதாகச் சேர்த்த உட்பிரிவுகளின்படி, சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாள் ஆனபிறகு, அரசின் அனுமதிக்குக் காத்திராமல் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு நேரே போகலாம். ஆனால் வேலை போன தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் போகவேண்டும். (தமிழ்நாட்டில் இந்த நேரடி வழி 1988-ஆம் ஆண்டின் மாநிலத் திருத்தத்திலேயே திறந்துவிட்டது. வேறு பல மாநிலத் தோழர்கள் இருபது வருடம் பின்னால்தான் அந்த உரிமையைப் பெற்றார்கள்.)

இப்போது புதிய சட்டம். தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2020-ல் நிறைவேறி, மற்ற மூன்று தொழிலாளர் சட்டத்தொகுப்புகளோடு சேர்ந்து 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. நேர்மையற்ற தொழில் நடவடிக்கைகளின் பட்டியல் இதில் இரண்டாவது அட்டவணைக்குப் போயிருக்கிறது. பட்டியல் பெரும்பாலும் பழையதுதான். மாறியது காலக்கணக்கு. 53-ஆவது பிரிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். தகராறு எழுந்த தேதியிலிருந்து 2 ஆண்டு கழிந்தபின் சமரச அலுவலர் அந்தத் தகராறு பற்றிச் சமரச நடவடிக்கை நடத்தக் கூடாது என்று அது சொல்கிறது. சமரசம் தொடங்கிய 45 நாளுக்குள் அவர் அறிக்கை தரவேண்டும்; வேலைநிறுத்த நோட்டீஸ் வந்திருந்தால் 14 நாளுக்குள். சமரசம் முறிந்தால், முறிவறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனு போடவேண்டும்.

இதில் ஒரு லாபம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பழைய முறையில் இடமாற்றம், ஊதிய உயர்வு மறுப்பு போன்ற தகராறுகள் முறிந்தால், அரசு அதை நீதிமன்றத்துக்கு அனுப்ப ஆணை போடவேண்டும். அந்தக் கோப்பு தலைமைச் செயலகத்தில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கிடக்கும். அரசு மறுத்துவிட்டால் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குத் தனியாக ரிட் போடவேண்டும். அந்த இடைவாசல் இப்போது இல்லை. முறிவறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். புதிய தீர்ப்பாயங்கள் அமையும்வரை இருக்கிற தொழிலாளர் நீதிமன்றங்களே விசாரணையைத் தொடரும் என்றும் மத்திய அரசு ஆணை வெளியிட்டது. வாசலைத் திறந்துவிட்டு நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். நேரத்தைக் குறைத்தது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து. வேலை போன தொழிலாளி முதல் ஆறு மாதம் வாடகைக்கும் பிள்ளைகளின் ஃபீஸுக்கும் அலைகிறார். வக்கீலைத் தேடும் தெம்பு அவருக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆனால் சட்டம் இப்படி இருக்கும்போது அதன் கணக்குக்குள் நின்றுதான் நாம் வேலை பார்க்க வேண்டும்.

அந்த 2 ஆண்டு வரியை இன்னொரு முறை படியுங்கள். "2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்" என்று அது சொல்லவில்லை. 2 ஆண்டு தாண்டினால் அலுவலர் "நடவடிக்கை நடத்தக் கூடாது" என்கிறது. இதன் பொருள் புரிகிறதா? இருபத்து மூன்றாவது மாதத்தில் மனு கொடுத்து, அலுவலர் நோட்டீஸ் அனுப்பி, நிர்வாகம் இரண்டு வாய்தா வாங்கினால் முதல் பேச்சுவார்த்தையே 2 ஆண்டைத் தாண்டிப் போகும். "இனி உங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று நிர்வாகத் தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். மனு கொடுத்த தேதிதான் கணக்கு என்று நாம் வாதாடலாம். அது நியாயமான வாதமும்கூட. ஆனால் அப்படி வாதாட வேண்டிய இடத்துக்கே போகாமல் இருப்பது புத்திசாலித்தனம். என்னிடம் வருகிறவர்களிடம் நான் சொல்வது, 2 ஆண்டு என்பதை மறந்துவிட்டு ஆறு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

அடுத்தது, 2 ஆண்டு எந்த நாளிலிருந்து? "தகராறு எழுந்த தேதி" என்கிறது சட்டம். "உத்தரவு போட்ட தேதி" என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தொழிலாளிக்கு உதவக்கூடியது. நிர்வாகம் ஒன்றைச் செய்கிறது, தொழிலாளி அதைத் திரும்பப் பெறும்படி கேட்கிறார், நிர்வாகம் மறுக்கிறது. கோரிக்கையும் மறுப்பும் சேரும்போதுதான் தகராறு பிறக்கிறது என்று 1968-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்து வருடம் கழித்து 1978-ல் ஒரு வங்கி வழக்கில், கோரிக்கை எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை என்றும் சொன்னது. ஆகவே உத்தரவு செப்டம்பரில் வந்து, சங்கம் நவம்பரில் கோரிக்கைக் கடிதம் கொடுத்து, நிர்வாகம் டிசம்பரில் மறுத்திருந்தால், தகராறு எழுந்தது டிசம்பரில் என்று வாதாட இடம் இருக்கிறது.

அந்த இடத்தை ரொம்பவும் நீட்டக் கூடாது. ஐந்து வருடம் சும்மா இருந்துவிட்டு நேற்று ஒரு கடிதம் கொடுத்து "இன்றுதான் தகராறு பிறந்தது" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். சட்டத்தில் வரம்பே எழுதாத காலத்திலும் நீதிமன்றங்கள் இதைக் கேட்கவில்லை. கேரளத்து நெடுங்காடி வங்கி வழக்கில், வேலைநீக்கத்துக்குப் பின் ஏழு வருடம் கழித்து எழுப்பிய தகராறு செத்துப்போனது என்று 2000-ல் தீர்ப்பு வந்தது. கர்நாடகப் பட்டு வளர்ச்சித் துறை வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் விரிவாகப் பேசியது: பதினான்கு வருடம் எந்த எதிர்ப்பும் காட்டாத தொழிலாளி அந்த முடிவை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார்; அப்போது தகராறு என்று ஒன்றே மிச்சமில்லை. அதே தீர்ப்பு, கடிதங்கள் மூலமும் கோரிக்கைகள் மூலமும் தகராறை உயிரோடு வைத்திருந்தால் நிலைமை வேறு என்பதற்கும் இடம் விட்டது. 1999-ல் சிர்ஹிந்த் கூட்டுறவு சங்க வழக்கிலோ, ஏழு வருடத் தாமதம் இருந்தும் தொழிலாளியை வேலையில் திரும்ப அமர்த்தியதை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஆனால் பின்சம்பளத்தில், அதாவது வேலையில் இல்லாத காலத்துக்கான சம்பளத்தில், ஒரு பகுதியைத் தாமதத்துக்காக வெட்டியது.

தாமதம் மனுவைக் கொல்லாவிட்டாலும் சம்பளத்தைத் தின்னும் என்பதை நம் ஆட்கள் பலர் உணர்வதே இல்லை. நீங்கள் சும்மா இருந்த காலத்துக்கு நிர்வாகம் ஏன் சம்பளம் தரவேண்டும் என்று நீதிபதி கேட்பார். அதற்கு நம்மிடம் பதில் இருக்கவேண்டும். பதில் என்றால் வாய்ப்பேச்சு அல்ல, தேதி போட்ட கடிதம்.

கடிதம் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. நிர்வாகத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக மனு எழுதிக்கொண்டே இருந்தால் காலம் நீளும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நீளாது. தமிழ்நாடு கனிமவளத் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது: பழைய விஷயத்துக்குப் புதிய மனு கொடுத்து, அதற்கு ஒரு பதிலும் வாங்கிவிட்டால் செத்த உரிமை உயிர்பெறாது. அது அரசுப் பணி வழக்குதான், ஆனாலும் தொழிலாளர் நீதிமன்றங்களிலும் நிர்வாகத் தரப்பு இதைத் தவறாமல் எடுத்துக் காட்டும். கோரிக்கைக் கடிதம் ஒன்று, நினைவூட்டல் ஒன்று, போதும். அதற்குமேல் எழுதவேண்டிய முகவரி சமரச அலுவலருடையது. "எம்.டி. வெளிநாட்டிலிருந்து வந்ததும் பேசலாம்", "தீபாவளி கழியட்டும்", "நீங்க கேஸ் போட்டா பேச்சு முறிஞ்சிடும்" என்று நிர்வாகத் தரப்பில் நல்லவிதமாகப் பேசுகிறவர்கள் எல்லாம் உங்கள் காலண்டரைத்தான் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுவார்த்தை நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். சமரசம் நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறோடு தொடர்புடைய பணி நிலைமைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற நிர்வாகத்துக்குத் தடை இருக்கிறது. பழைய சட்டத்தின் 33-ஆவது பிரிவு, புதியதில் 90-ஆவது பிரிவு. சீக்கிரம் மனு கொடுத்தவருக்கு அந்தக் கவசம் கூடுதலாகக் கிடைக்கிறது.

இனி உங்கள் நான்கு பிரச்சினைகளையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் நான்குக்கும் காலக்கணக்கு ஒன்றல்ல. ஒருமுறை நடந்து முடிந்த செயலா, தினம் தினம் தொடர்ந்து நடக்கும் செயலா என்பதுதான் கேள்வி. இதற்கு அடிப்படையான தீர்ப்பு தொழிலாளர் வழக்கில் வந்ததே அல்ல. மகாராஷ்டிரத்தில் ஆளந்தியில் உள்ள ஞானேஸ்வரர் கோயில் பூசாரிகளை நிர்வாகம் வெளியேற்றியது பற்றிய வழக்கு, 1959. செய்த தீங்கு அன்றே முழுமை அடைந்துவிட்டால், அதன் வலி எத்தனை வருடம் நீடித்தாலும் அது தொடர்தவறு ஆகாது. தீங்கே தொடர்ந்தால்தான் தொடர்தவறு என்றது உச்ச நீதிமன்றம். அறுபது வருடம் தாண்டியும் எல்லா நீதிமன்றங்களும் இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்க்கின்றன.

இடமாற்றம் ஒரே செயல். உத்தரவு வந்த அன்றே அது முடிந்தது. வெளிமாநிலத்தில் நீங்கள் தினமும் கஷ்டப்படுவது அதன் விளைவு. ஆகவே 2024 செப்டம்பரில் தொடங்கி 2026 செப்டம்பர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சட்டத்தொகுப்பு வருமுன் நடந்த செயலுக்குப் புதிய வரம்பு பொருந்தாது, பழைய சட்டத்தில் வரம்பே இல்லை என்று வாதாட முடியும். பழைய சட்டத்தில் பிறந்த உரிமைகளைக் காக்கும் விதிகள் இருக்கின்றன. அந்த வாதத்தைப் பைக்குள் வைத்திருங்கள். அதை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். மேலும் ஒரு சிக்கல்: வேலைநீக்கம் போன்றவற்றைத் தவிர மற்ற தகராறுகளைத் தனி ஆளாக எழுப்ப முடியாது. சங்கமோ, கணிசமான எண்ணிக்கையில் சக தொழிலாளர்களோ அதைத் தங்கள் தகராறாக எடுத்துக்கொள்ள வேண்டும். சங்கத்தின் செயற்குழுக் கூட்டத்தைக் கூட்டி, இடமாற்றத்தை எதிர்த்துத் தகராறு எழுப்புவதாகத் தீர்மானம் போட்டு, மினிட் புத்தகத்தில் ஏற்றுங்கள். தீர்மானம் இல்லாமல் கொடுத்த மனு, காலம் சரியாக இருந்தும் பின்னால் அடிவாங்கும். இடமாறிய இடத்தில் வேலைக்குச் சேராதவர்கள் யாராவது இன்னும் இருந்தால், எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்துவிட்டுச் சேர்வதே நல்லது. போக மறுத்ததையே குற்றமாக்கி இன்னொரு சார்ஜ் மெமோ வரும்.

டிஸ்மிஸ் ஆன தோழரின் விஷயத்தில் சங்கம் தேவையில்லை, அவரே தனியாக மனு கொடுக்கலாம். 2025 ஜனவரியில் வேலை போனது. பழைய கணக்குப்படி நீதிமன்றத்துக்கு 2028 ஜனவரி வரை நேரம் இருந்தது. புதிய கணக்குப்படி சமரசமே 2027 ஜனவரிக்கு மேல் நடக்காது. பெரிய எண்ணை யாராவது சொன்னால் நம்பவேண்டாம், சிறிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இவர் இந்த மாதமே மனு கொடுக்கவேண்டும், ஏனென்றால் இவருடைய பின்சம்பளம் நாளுக்கு நாள் வாதத்துக்கு உள்ளாகிறது. நிலையாணைகளின்படி (ஆலையின் பணி நிபந்தனை விதிகள்) நிர்வாகத்துக்கு மேல்முறையீடு கொடுத்திருந்தால் அதன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வேலை தேடியதற்கும், கிடைக்காததற்கும், இடையில் கூலி வேலை பார்த்திருந்தால் அதற்கும் கணக்கு வைத்திருக்கச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் கேட்பார்கள்.

ஊதிய உயர்வு வேறு வகை. ஒப்பந்தப்படி கொடுக்கவேண்டிய தொகையைக் கொடுக்காமல் விட்டால், ஒவ்வொரு சம்பள நாளிலும் புதிதாகத் தவறு நடக்கிறது. ஊதிய நிர்ணயம் பற்றிய 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதைத்தான் சொன்னது. ஆகவே இங்கே காலாவதி என்ற வாதம் பலவீனம். ஆனால் எவ்வளவு காலத்துக்குப் பின்னோக்கி நிலுவை கிடைக்கும் என்பது தனிக் கேள்வி. மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு ஓய்வூதிய வழக்கில் சுருக்கியது, அந்த அளவையே பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். ஒன்று கவனியுங்கள்: உயர்வை நிறுத்தித் தண்டனை உத்தரவு என்று தனியாக ஏதாவது கொடுத்திருக்கிறார்களா? கொடுத்திருந்தால் அது ஒருமுறைச் செயல் என்று நிர்வாகம் சொல்லும். அப்போது இடமாற்றத்துக்குச் சொன்ன அதே கணக்குதான் இதற்கும்.

டெம்பரரி தம்பிகளுக்குத்தான் காலம் அதிகம் துணைநிற்கிறது. நிரந்தர வேலையைத் தற்காலிகம் என்ற பெயரில் செய்யவைப்பது, அவர்கள் வேலையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொடரும் தவறு. தமிழ்நாட்டில் அவர்களுக்கு 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டமும் இருக்கிறது: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் ஆகிறார். ஆனால் இந்தச் சாதகம் அவர்கள் கேட்டுக்குள் இருக்கும்வரைதான். நாளை "வேலை இல்லை, போ" என்று நிறுத்திவிட்டால் அது வேலைநீக்கம், ஒருமுறைச் செயல், அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே உள்ளே இருக்கும்போதே எழுப்பவேண்டிய தகராறு இது. வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ., பி.எஃப். விவரம் எல்லாவற்றையும் இப்போதே போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெளியே வந்தபின் ஒரு காகிதமும் கிடைக்காது.

நேர்மையற்ற தொழில் நடவடிக்கை குற்றமும்கூட. தகராறு எழுப்புவது ஒரு வழி, வழக்குத் தொடுத்துத் தண்டிப்பது இன்னொரு வழி. பழைய சட்டத்தில் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புதியதில் முதல் முறைக்கு அபராதம் மட்டும், 10,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. பணம் கூடியிருக்கிறதே என்று மகிழ வேண்டாம். குற்றவியல் நடைமுறையின் பொதுவிதிப்படி, ஓராண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க ஓராண்டு காலவரம்பு. அபராதம் மட்டுமே உள்ள குற்றத்துக்கு ஆறு மாதம்தான். சிறையை எடுத்ததால் காலமும் பாதியாகிவிட்டது. இந்தப் புகாரை அரசோ, அரசின் அனுமதி பெற்றவரோதான் கொடுக்கமுடியும் என்பதால், அனுமதி கேட்டு அலைவதிலேயே ஆறு மாதம் போய்விடும். உங்கள் விஷயத்தில் இந்த வழியை நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

இப்போது அந்த 90 நாள். முறிவறிக்கை கைக்கு வந்தபின் தீர்ப்பாயத்துக்குப் போகும் காலம். மகாராஷ்டிரச் சட்டத்தில் உள்ளதுபோல, "தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஏற்கலாம்" என்ற வரி இந்த 53-ஆவது பிரிவில் இல்லை. 2 ஆண்டு விஷயத்திலாவது தகராறு எப்போது பிறந்தது என்று வாதாட இடம் உண்டு. இங்கே அறிக்கை வந்த தேதி தபால் உறையிலேயே இருக்கும். சமரசம் முறிந்ததும் பலர் சோர்ந்துபோவார்கள், சங்கத்தில் தேர்தல் வரும், நிர்வாகிகள் மாறுவார்கள், அறிக்கை யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கிடக்கும். அப்படி ஒரு நல்ல வழக்கை இழப்பது கொடுமை. அறிக்கை சங்க அலுவலக முகவரிக்கு வருகிறதா, தனித்தொழிலாளி வீட்டு முகவரிக்கு வருகிறதா என்று முன்பே முடிவு செய்து மனுவில் எழுதுங்கள். வீடு மாறினால் சமரச அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வந்த உறையைத் தூக்கிப்போடாமல் அறிக்கையோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். வக்கீலைச் சமரசம் நடக்கும்போதே பார்த்துவிடுங்கள், முறிந்தபின் தேடத் தொடங்காதீர்கள்.

இதைப் படிக்கும் கடை ஊழியர்கள், ஷோரூம், ஹோட்டல் பணியாளர்கள் தனியாக ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் வேலைநீக்கத்துக்கு எதிராக மேல்முறையீடு செய்பவருக்கு உத்தரவு கிடைத்த 30 நாள்தான் நேரம். அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் 2 ஆண்டு, 3 ஆண்டு என்ற பேச்செல்லாம் உதவாது. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களும் இந்தியக் கணக்கை அங்கே எடுத்துச் செல்லக் கூடாது. இலங்கையில் வேலைநீக்கத்துக்குத் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் போகவேண்டும். மலேசியாவில் 60 நாள். சிங்கப்பூரில் கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதம். தென்னாப்பிரிக்காவில் வேலைநீக்கத்துக்கு 30 நாள், மற்ற நேர்மையற்ற நடவடிக்கைகளுக்கு 90 நாள். தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம்.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். மூன்று மனுக்கள் வேண்டும், ஒன்றாகக் கலக்காதீர்கள். டிஸ்மிஸ் ஆன தோழர் தன் பெயரில் ஒன்று. இடமாற்றத்துக்கும் ஒப்பந்தப்படியான உயர்வுக்கும் சங்கத்தின் பெயரில் ஒன்று. டெம்பரரி தொழிலாளர்களுக்கு, பெயர், சேர்ந்த தேதி, வேலை செய்யும் பிரிவு என்ற பட்டியலோடு சங்கத்தின் பெயரிலேயே இன்னொன்று. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்திலேயே என்ன நடந்தது, எந்தத் தேதியில், நாம் எப்போது கேட்டோம், அவர்கள் எப்போது மறுத்தார்கள் என்று தேதிவாரியாக எழுதுங்கள். கோரிக்கைக் கடிதம் இதுவரை கொடுக்கவில்லை என்றால் இந்த வாரம் கொடுத்து, பதிலுக்கு ஏழு நாள் தவணை போடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எட்டாவது நாள் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில் மனு இருக்கவேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். மாநில விதிகளில் படிவம் மாறியிருந்தால் அலுவலகத்திலேயே சொல்வார்கள். படிவம் சரியில்லை என்று திருப்பினால் அதையும் எழுத்தில் கேளுங்கள், முதல் மனு கொடுத்த தேதி அப்போதுதான் பதிவில் நிற்கும்.

ஹெச்.ஆர். அதிகாரி மறுபடியும் 90 நாள் கதையைச் சொன்னால், அதைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் நல்லது. கோரிக்கையை நிர்வாகம் மறுத்தது என்பதற்கு அதுவே தேதியுடன் கூடிய சான்று.